தொண்டி பஸ்

மழைக்கு வாய்ப்பு நாற்பது சதம்
என்கிறது செல்போன்.
மோர் மிளகாயில் நாற்பது சதத்தை மட்டும்
உள்ளே எடுத்து வைக்க
எனக்குத் தெரியவில்லை.

தேவகோட்டை, ஐப்பசி பதினேழு.
ஏழு மணிக்குச் சுள்ளென்று வெயில்.
எட்டரைக்கு மப்பும் மந்தாரமும்.
ஒன்பதுக்கு, யாரோ சமாதானம் பேசிவிட்டதுபோல்
மறுபடி வெயில்.
மாடியில் ஆறு பாய்:
நாலில் மோர் மிளகாய்,
ஒன்றில் சீனியவரை வத்தல்,
கடைசிப் பாயில் நேற்றைக்கும் முந்தாநாளைக்கும்
காயாமல் மிச்சமானது.

நான் நம்புவது
பத்தே காலுக்கு வரும் தொண்டி பஸ்ஸை.
கடலை விட்டுக் கிளம்பி
திருவாடானையில் டீ குடித்து
எங்கள் தெருமுனையில் அது திரும்பும்போது
மேலிருந்து அதன் கூரை தெரியும்.
கூரை சொட்டினால், மழை பின்னாலேயே வருகிறது.
சக்கரம் மட்டும் ஈரமென்றால், வழியிலேயே பெய்து தீர்ந்தது.
புழுதியோடு வந்தால்
இன்னொரு பாய் விரிக்கலாம்.

கண்டக்டர் கலந்தர் ஒருமுறை
கால் கிலோ வத்தல் வாங்கிய பழக்கம்;
ஜன்னலுக்கு வெளியே கை நீட்டுவார்.
மூடிய கை, ஒன்றுமில்லை.
ஒரு விரல், தூறல்.
இன்றைக்கு
இரண்டு கையும் விரித்துக் காட்டினார்,
பஸ் முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது.

"மழை!" என்று கத்தினேன்.
பொன்னழகு இரண்டு பாயைச் சுருட்டி
ஒன்றில் கால் தடுக்கி விழுந்தாள்.
பக்கத்து வீட்டு மெய்யம்மை
வளவிலிருந்து அண்டாக்களை இழுத்துப்போட்டாள்
தகரத் தாழ்வாரத்தின் கீழே;
எதிர்வீட்டில் சிமெண்ட் மூட்டைக்குத் தார்ப்பாய்.
பஞ்சர் கடைக்காரர் காற்றடித்த டியூபோடு உள்ளே ஓடினார்.
தெரு மொத்தமும்
தொட்ட நத்தையாய்ச் சுருண்டது.

பிறகு காத்திருந்தோம்.

கால் மணி நேரம்.
அரை மணி நேரம்.
கொண்டல் காற்று ஒரு தடவை வந்து
எதையோ மறந்துவிட்டதுபோல் திரும்பிப் போனது.
வெயில்.
தெரு நிமிர்ந்து என்னைப் பார்த்தது,
வானத்துக்கு நான்தான்
ஜாமீன் கையெழுத்துப் போட்டதுபோல.
மெய்யம்மை ஒன்றும் சொல்லவில்லை.
அதே சேலையை இரண்டாவது தடவை கொடியில் போட்டாள்;
கிளிப்பு சொல்லிற்று.

இந்த ஊரில் மழையைத் திட்டவும் முடியாது.
ஊருணியில் பதினோரு படி வெளியே தெரிகிறது.
நான் வேண்டாமென்று கும்பிடுவதைத்தான்
ஊரே வேண்டுமென்று கும்பிடுகிறது.
கோயிலில் என் பக்கத்தில் நிற்பவர்களுக்கு
இது தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு மணிக்கு, ஆறு பாயும் திரும்ப விரித்து,
சோற்றில் ரசத்தை ஊற்றும் நேரம் பார்த்து
மேற்கிலிருந்து வந்தது.
மேற்கை யாரும் பார்ப்பதில்லை.
காரைக்குடிப் பக்கமிருந்து,
வெயிலை அணைக்காமலே,
பெரிய பெரிய துளியாய்.
ஓடிப்போய் மூன்று பாயைக் காப்பாற்றினோம்.
மூன்று நாள் மோர் குடித்த மிளகாய்
மேலுக்கு மழையும் குடித்தது.
கீழே தகரத்தில் தண்ணீர் இறங்கி
அண்டாவில் விழும் சத்தம்.
மெய்யம்மை சிரித்துக்கொண்டிருந்தாள்.
அந்தச் சத்தம், என்ன செய்ய,
எனக்கும் பிடித்திருந்தது.

இரண்டே முக்காலுக்கு
காரைக்குடியிலிருந்து பஸ் திரும்பிவந்தது.
தொண்டி என்ற எழுத்திலிருந்து தண்ணீர் வடிந்தது.
கலந்தர் இறங்கி, தொப்பியைப் பிழிந்தார்.
"காலையிலே திருவாடானை வரைக்கும்
கொட்டோ கொட்டுன்னு கொட்டிச்சுங்க, சத்தியமா."
"நம்புறேன்" என்றேன்.
நம்பினேன்தான்.
மழை பஸ் பிடித்து வருவதில்லை,
அவ்வளவுதான்.
இனி இரண்டே முக்கால் பஸ்ஸையும்
பார்க்க வேண்டும்.

நனைந்ததை மறுபடி மோரில் போட்டோம்.
இன்னும் மூன்று நாள்.
பொன்னழகு கை கழுவிக்கொண்டே கேட்டாள்:
"நாளைக்கு விரிக்கலாமாக்கா?"

"விரி.
சுருட்டுறதுக்குத் தோதா விரி."